மன்றக் குறிப்பேடு

பேசியதையெல்லாம் எழுதாதே, முடிவை மட்டும் எழுது.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
அலமாரிச் சாவியோடு சேர்த்துக் கொடுத்த விதி இது.
அதனால் நாகர்கோவில் மாமன்றத்தில்
ஹெலன்பாய் முதல் நாள் நாற்பது நிமிடம் பேசியது
என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:
'உறுப்பினர் புன்னவிளைக்குளம் குறித்துப் பேசினார்.
மன்றம் கேட்டுக்கொண்டது.'

கேட்டுக்கொள்ளவில்லை.
ரசவடை வந்திருந்தது.
ஆஸ்பத்திரி லேபில் இருபது வருடம்
ரத்தம் பார்த்த கை அவருக்கு.
பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலொன்றை எடுத்து
மேயர் மேஜையில் வைத்தார்.
உள்ளே பச்சையாய்க் குளம்.
"மூடியத் தொறக்கட்டா, இல்ல சும்மாவே நம்புவியளா?"
அவசரமாக நம்பினார்கள்.

மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பாட்டில்.
மீன்சந்தைக்குப் பின்னால் ஓடும் ஓடை,
மலையை வெட்டிய குழியில் நின்ற மழை,
ஓட்டல் குழாய் ஆற்றில் சேரும் இடம்.
பரிசோதனைச் சீட்டு மாதிரியே லேபிள்.
பெயர் என்ற இடத்தில் குளத்தின் பெயர்,
வயது என்ற இடத்தில் 'தெரியாது'.
எங்கே வைப்பதென்று விதியில் இல்லை.
பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு மேல்தட்டில்
நானே அடுக்கினேன்.

பத்தொன்பதாவது பாட்டில் வந்த அன்று
தீர்மானம் நிறைவேறியது.
'புன்னவிளைக்குள ஆக்கிரமிப்புகளை அகற்றுவது.
முன்மொழிந்தவர்: ஹெலன்பாய். ஏகமனதாக.'
ஏகமனதை எழுதியெழுதித் தேய்ந்த பேனா
அன்றைக்கு ஏனோ அழுத்தி எழுதியது.
எனக்கும் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றல்.

ஜேசிபி வந்தது.
வந்த வழியில் கல்யாண மண்டபம்,
குளத்தின் நடுவயிற்றில் அதற்குக் கார் நிறுத்துமிடம்.
மண்டபத்திடம் ஸ்டே இருந்தது.
ஜேசிபி சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனது.
பதினோரு வீடு. தகரம், ஓலை, கொஞ்சம் ஓடு.
ஒரு வீட்டில் அப்போதுதான் சோறு வடித்திருந்தார்கள்.
கஞ்சிவெள்ளம் ஓடிக் குளத்தில் சேர்ந்தது.

ஹெலன்பாய் வண்டிக்கு முன்னால் நின்றார்.
என்ஜினியர் ஒரு நகலை நீட்டினார்.
என் எழுத்து, அவர் பெயர்.
"நீங்கதானம்மா கேட்டீங்க?"

அடுத்த கூட்டத்துக்குப் பாட்டில் வரவில்லை.
"அந்தத் தாள்ல எனக்க பேர வெட்டணும்."
வெட்ட வழியில்லை.
'கோரிக்கை பரிசீலிக்கப்படும்' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று
எங்கள் இருவருக்குமே தெரியும்.

பிறகு மூன்று வருடம்
ஒவ்வொரு கூட்டத்திலும் பெயர்ப்பட்டியல்.
தாசம்மை, வேலப்பன், வர்க்கீஸ், கால் ஊனமான செய்யதலி...
'பட்டியல் வாசிக்கப்பட்டது.'
'பட்டியல் வாசிக்கப்பட்டது.'
ஏழு பேருக்கு வாரியக் குடியிருப்பில் இடம் கிடைத்தது,
செய்யதலிக்கு மூன்றாம் மாடி.
படிக்கட்டில் ஒருநாள் கேட்டுவிட்டேன்,
குளத்தை விட்டுவிட்டீர்களா என்று.
"வெள்ளத்தயும் ஆளயும் வேறவேற பாட்டில்ல
அடச்சுப் பாத்துட்டேன், எனக்க தப்பு" என்றார்.

அடுத்த தேர்தலில் முப்பத்திரண்டு ஓட்டில் தோற்றார்.
கிழக்குக் கரையில் அவருக்கு விழுந்தது ஆறு.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
மண்டபத்தில் ஒரு முகூர்த்தம்.
இரண்டாம் பந்தியில் அவியல் பரிமாறும்போது
வாசல் வழியாகக் குளம் உள்ளே வந்தது.
மணப்பெண்ணை நாற்காலியோடு தூக்கினார்களாம்.
கேட்டு அலுவலகமே சிரித்தது.
சிரிப்பு அடங்கியபோது கவுண்டரில் ஹெலன்பாய்,
நனைந்த குடை,
பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய மனு:
மண்டப வழக்கில் மாநகராட்சி
இதுவரை எத்தனை வாய்தாவுக்குப் போகவில்லை?

"அப்புறம் அந்தப் பாட்டிலெல்லாம் கெடக்கா?
மாங்கா வந்திருக்கு, ஊறுகா போடணும்."

இறக்கிக் கொடுத்தேன்.
மண்ணெல்லாம் அடியில் இறங்கி
மேலே தெளிந்திருந்தது வெள்ளம்.
வாசல் ஓடையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.
பிறகு எண்ணினார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
'பதினெட்டு பெற்றுக்கொண்டேன்' என்று
கையெழுத்துப் போட்டார்.